படர்தாமரை

நூலைப் பல்லில் கடிப்பதில்லை நான்.
கழுத்தில் மாட்டி இழுக்கிறேன்;
பதினோரு வருஷமாய் ஒரு சிவப்புக் கோடு
தாலிக்கு மேலே.

மன்னார்குடி, பந்தலடி முக்கு, மாடியில் கடை.
விடிந்தால் ஆவணி முகூர்த்தம்.
மாப்பிள்ளையின் அக்கா நாற்காலி இழுத்துப் போட்டுப்
பெண்ணின் தலையை விட்டுவிட்டு
என் கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

பின்னலைத் தூக்கினேன்.
பிடரியில், எட்டணாக் காசு அகலம்,
விளிம்பு மட்டும் சிவந்து.

யார் வைத்தார்களோ இதற்குத் தாமரை என்று பெயர்.
நடவு நேரம், காயாத துணி,
வயலில் இறங்காதவர்களுக்கும் பூக்கிறது.

கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கண்
என்னைப் பிடித்துக்கொண்டது:
சொல்லிடாதீங்க.

"இங்க வேக்ஸ் வேணாம்,
ஸ்கின் ரொம்ப மென்மை" என்றேன், சத்தமாகவே.
அக்காவுக்கு அது பெருமையாக இருந்தது.

பில்லின் பின்பக்கம் தோல் டாக்டர் பெயர்,
எந்தெந்தக் கிழமை வருவார் என்று.
மீதிச் சில்லறையோடு மடித்து
அவள் கையில் வைத்தேன்.

போன பிறகு கையைக் கழுவினேன், முழங்கை வரை.
துண்டு அடுப்பில் கொதிக்கிறது.
சீப்பு தனியாக, மருந்துத் தண்ணீரில்.
கரண்ட் இல்லை.

ரெஜினா படியேறி வருகிறாள்.
"சீக்கிரம்க்கா, திருவாரூர் பஸ் போயிடும்."

போகட்டும்.
சீப்பு இன்னும் ஊறவில்லை.