தொட்டால் நகர்த்து

தண்டையார்பேட்டை கார்ப்பரேஷன் கிரவுண்டில்
ஆறு மணிக்கு நெட் கட்டுவேன்.
ஒன்பதுக்கு அவிழ்த்து மடித்தால்
அதே பையிலிருந்து செஸ் போர்டு.
கறுப்பு யானை ஒன்று தொலைந்து வருஷமாச்சு,
அந்த இடத்தில் இறகு உதிர்ந்த ஷட்டில் தலை.

ஷட்டில்காரர்களுக்கு நான் செஸ் ரோஸ்லின்.
செஸ்காரர்களுக்கு, ‘அந்த பேட் அடிக்கிற பொண்ணு’.
துறைமுகத்தில் ஸ்போர்ட்ஸ் கோட்டா கேட்டுப் போனேன்,
ஏதாவது ஒன்றை எழுதும்மா என்றார்கள்.
படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.

மாநில இறுதி. இருபதுக்கு இருபது.
இவள் பின்னால் போவாள், பிறகு வலைக்கு வருவாள்,
அதற்கும் பிறகு
மூன்றாவது அடியில் நான் ஜெயித்துக்கொண்டிருந்தேன்,
முதல் அடி என் காலடியில் விழுந்து கிடந்தது.

அதே வருஷம் செஸ் இறுதியில்
மணிக்கட்டு என்னைக் கேட்காமல் பாய்ந்து
ராணியைத் தொட்டுவிட்டது.

அடுத்த வருஷம் இரண்டு கோப்பையும் வந்தது.
சொல்ல அதிகமில்லை.
ஒன்றில் ரேஷன் சர்க்கரை,
மற்றதில் பஸ்ஸுக்குச் சில்லறை.

ராத்திரி மொட்டைமாடி.
எண்ணூர் ஹைரோட்டில் கன்டெய்னர் லாரிகள்
ஹார்பர் கேட் வரை வரிசையாய்,
யாராவது நகர்த்தட்டும் என்று.
வலது கை தானாக நீள்கிறது.
இடது கையால் பிடித்துக்கொள்கிறேன்.