சந்தர்ப்ப சாட்சி

பாயான் லெப்பாஸ் வேனில்
இரவு ஷிப்டுக்குப் போகையில்
தினமும் விசாரணை.

இன்றைக்குத் தட்டுகள்.
செத்தவள் வீட்டுத் தொட்டியோரம்
கழுவிக் கவிழ்த்த இரண்டு தட்டு.
"எந்த ஊர்ப் புருஷன் தட்டு கழுவுவான்?
அங்கேயே மாட்டிக்கிட்டான்" என்கிறாள் புஷ்பலீலா.
வேன் முழுக்கச் சிரிப்பு.

பாலத்து டோலைத் தாண்டி
அவன் கார் தீவுக்குள் வந்தது இரண்டு பதினாலுக்கு.
"கார்டுதானே பார்த்துச்சு?
ஓட்டினது யாருன்னு பார்த்துச்சா?"
முன்சீட்டு ஜெயராணி. மகன் சட்டம் படிக்கிறான்.
டிரைவர் எதிலும் சேராமல்
ரேடியோவை மட்டும் குறைக்கிறார்.

நான் என் கணக்கைப் போட்டுப் பார்க்கிறேன்.
நேற்று ஜெலுத்தோங் சந்தையில்
எலிமருந்து, ஏழு ரிங்கிட் தொண்ணூறு.
போன மாதம் அவர் பேரில் எடுத்த இன்ஷூரன்ஸ்.
ஞாயிறு இரவு நான் கத்தியதை
சுவருக்கு அந்தப் பக்கம் புவான் ரொஹானா
ஒன்று விடாமல் கேட்டிருப்பார்.
தமிழ் தெரியாது அவருக்கு,
குரல் தெரியும்.

எலி இருப்பது சத்தியம்.
அதை யார் கூண்டில் ஏற்றுவது?

"சாப்பிட்டாச்சா?" என்று அவருக்கு அனுப்பினேன்.
அனுப்பிய பிறகுதான்
நீதிபதி முன்னால் யாரோ
அதை நிறுத்தி நிதானமாக
வாசிப்பது கேட்டது.