10–3–24–0

தகரக் கூரைக்குக் கீழே நான்,
இரண்டு பென்சில், ஒரு அழிறப்பர்,
கால்வாய் நாற்றம்,
ஹவ்லொக் வீதி பஸ்களின் ஹோன்.
வர்த்தக நிறுவனங்களின் கிண்ணம். சனிக்கிழமை.

தேயிலைக் கம்பனிக்குப் பந்து போடுகிறான்
கொம்பனித்தெரு ரிஃப்கான்.
அவன் பெட்டிக்குள் புள்ளி வைத்துக்கொண்டே இருக்கிறேன்.
ஒரு ஓவரின் ஆறும் புள்ளியானால்
கோடிழுத்துச் சேர்ப்போம், மெய்டன்.
அப்படி மூன்று.

ஸ்லிப்பில் இரண்டு பிடி நழுவின.
நழுவிய பிடிக்கு என் புத்தகத்தில் குறியீடு கிடையாது.
முதலாவது வெறும் புள்ளி.
இரண்டாவது விரல்களில் பட்டு எல்லைவரை ஓடியது:
நான்கு என்று எழுதினேன்
அவன் பெயருக்கு நேரே.

மறுமுனையில் சேனாதீர.
ரிஃப்கானிடம் மூச்சுமுட்டியவர்கள்
அங்கே போய்க் கையை விரித்து வீசினார்கள்.
பந்துகள் உயர்ந்தன, சில வேலியைத் தாண்டின,
நான்கு நேரே கைகளுக்குள் வந்தன.
பத்து ஓவர், அறுபத்தொரு ஓட்டம், நான்கு விக்கெட்.
சராசரி பதினைந்தே கால்.
பத்திரிகைக்குத் தொலைபேசியில் நான் சொல்லப்போவது
அந்தப் பெயரை.

வானம் இருட்டுகிற நேரம் ரிஃப்கான் வந்தான்,
சப்பாத்தைக் கையில் தூக்கியபடி.
"மிஸ், என்ட எவரேஜ் இப்ப எவ்வளவு?"

இன்றைக்கு மட்டும் என்றால் சொல்ல வழியில்லை.
இருபத்துநான்கைப் பூச்சியத்தால் யார் பிரிப்பது?
சிறு கோடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுவோம்.
பருவம் முழுவதும் என்றால்
காலையில் 412 ஓட்டம், 14 விக்கெட்: 29.43.
இப்போது 436, விக்கெட் அதே 14.
31.14.

இந்த வருடம் அவன் போட்ட மிக நல்ல பத்து ஓவர்
அவனைக் கெடுத்திருக்கிறது.
செவ்வாய்க்கிழமை கூடும் தெரிவுக்குழு
முப்பதில் கோடு கிழிக்கும்,
கீழே வாசிக்காது.

ஓவருக்கு எத்தனை ஓட்டம் என்று கேட்டிருக்கலாம்,
4.29 இன்று 4.11 ஆனது, சந்தோசமாகச் சொல்லியிருப்பேன்.
விக்கெட்டுக்கு எத்தனை பந்து என்று
கேட்காமல் இருந்தானே, அதுவும் நல்லது:
நாற்பத்தொன்று நாற்பத்தைந்தாகிவிட்டது.
ஒரே மனிசன், ஒரே வலது தோள்.
மூன்று எண்களும் மூன்று பேரைப் பற்றிப் பேசுகின்றன.
நழுவிய இரண்டும் நின்றிருந்தால்
இருபத்தேழு. அதை எங்கும் எழுத முடியாது.

"முப்பத்தொன்று" என்றேன்.
தலையாட்டினான். பிறகு குனிந்து
தன் புள்ளிகளை விரலால் எண்ணத் தொடங்கினான்,
அறுபது பந்தில் நாற்பத்தொன்று.
தகர ஓட்டையால் மழையின் முதல் துளி
அவன் பெட்டிக்குள்ளேயே விழுந்தது.

"இதையும் சேருங்க மிஸ்" என்றான்.