காயலாங்கடையில் ஓர் இறகு

கிலோ பன்னிரண்டு ரூபாய்க்கு வந்த மூட்டையில்
அட்டை போன புத்தகம் ஒன்று.
போன டிசம்பர் வெள்ளத்தில் ஊறி
பக்கங்கள் அப்பளமாய் விறைத்திருந்தன.
விற்றவர் எபனேசர் சாரின் மனைவி.
சார் தவறி ஒரு மாதம்.
மூட்டை நான்கு கிலோ இருநூறு.
என் தராசு சொன்னது மூன்று எழுநூறு.
அப்படித்தான் அதைப் பழக்கியிருக்கிறேன்.

மதியம் பள்ளிக்கரணையில் ஈ ஓட்டும் நேரம்.
புரட்டினேன்.

குள்ளநரித் தலைக்காரன் ஒருவன்
மண்டியிட்டுத் தராசு பிடிக்கிறான்.
ஒரு தட்டில் செத்தவனின் நெஞ்சு,
மறுதட்டில் இறகு.
முதலை வாயும் சிங்கத் தோளும்
நீர்யானைப் பின்புறமுமாக ஒருத்தி
பந்திக்கு முந்தி வந்து உட்கார்ந்திருக்கிறாள்.
நெஞ்சு கனத்தால் அவளுக்கு.
அம்மித் என்று பெயர்.
கடைசி எழுத்தை ஈரம் தின்றிருந்ததால்
அம்மி என்றே வாசித்தேன்.
தப்பில்லை, அரைக்கிறவள்தானே.

கணக்கு எழுத நின்றவனைப் பார்த்ததும்
சிரித்துவிட்டேன்.
தோத்தாம்.
நமக்கு அரிவாள்மூக்கன்.
கடைக்குப் பின்னால் சதுப்பில்
குப்பைமேட்டுப் புகைக்கும் ஐடி கம்பெனிக் கண்ணாடிக்கும் நடுவே
தினமும் நிற்கிறவன்.
வளைந்த மூக்கால் சேற்றில்
எழுதுவான், அழிப்பான், மறுபடி எழுதுவான்.
பதினெட்டு வருஷமாய்
நத்தை தேடுகிறான் என்று நினைத்திருந்தேன்.

புத்தகத்தின் பின்பாதி வேறு ஊர். ஒரே பனி.
அங்கே சாமிகளுக்கும் சாவு உண்டு,
முன்கூட்டியே தெரியும், இருந்தும் விருந்து நடக்கிறது.
ஓடின் என்ற கிழவர்
ஒரு மடக்குத் தண்ணீருக்கு
ஒரு கண்ணைப் பிடுங்கிக் கிணற்றுக்காரனிடம் கொடுத்தாராம்.
அறிவு ஊறும் கிணறு.
இதில் என்ன அதிசயம்?
லாரி வராத அந்தக் கோடையில்
எங்கள் தெருவில் கேட்டிருந்தால்
குடத்துக்கு ஒரு கண் என்று
டோக்கன் வாங்கி நின்றிருப்போம்,
அறிவெல்லாம் வேண்டாம், உப்பு இல்லாமல் இருந்தால் சரி.

உலகையெல்லாம் கிளையில் தாங்கும் மரம் ஒன்று.
உச்சியில் கழுகு, வேரில் பாம்பு.
அது திட்டியதை இதனிடமும்
இது திட்டியதை அதனிடமும்
கொண்டுபோய்க் கொடுத்து
நாளெல்லாம் ஓடுகிறது ஓர் அணில்.
அதன் முதுகை யாரும் தடவவில்லை போல,
படத்தில் கோடே இல்லை.

அப்புறம் பீர் பாட்டில் வந்தது, பழைய கிரில் கேட் வந்தது,
ஒரு வாஷிங் மிஷின், பாதி.

ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கும் முன்
சதுப்போரம் கிடந்த வெள்ளை இறகைச்
சும்மா, விளையாட்டுக்குத் தராசில் வைத்தேன்.
சிவப்பு எண்கள் துடித்து நின்றன.
சைபர்.

யாரும் பார்க்கவில்லை.
குனிந்து
நெஞ்சை அதன் மேல் சாய்த்தேன்.
பதினொன்று எழுநூறு.
குறைத்துக் காட்டப் பழகிய தராசிலேயே.

அரைக் கிலோவுக்கு ஆறு ரூபாய்.
எடுத்து ஊறுகாய் டப்பாவில் தனியே போட்டேன்.
மறுநாள் மழை.
அதற்கு மறுநாள் பெரம்பூருக்கு லோடு.
எபனேசர் வீட்டம்மா இரண்டு முறை கடை வாசலைக் கடந்து போனார்,
கையில் குடையும் மருந்துச் சீட்டும்.
ஆறு ரூபாயை
என்ன சொல்லிக் கொடுப்பது?

பின்கதவைத் திறந்தால்
அவன் நிற்கிறான், முட்டியளவுத் தண்ணீரில்.
தலையை நிமிர்த்தி ஒருமுறை பார்த்தான்.
பிறகு மூக்கை
மையில் தொடுவதுபோல்
சேற்றில் தொட்டான்.