இருநூற்றுப் பதினாறு கிராம்

பெட்டியோடு இருநூற்றுப் பதினாறு கிராம்.
பவர் பாங்க் ஒவ்வொன்றையும் அனுப்புமுன்
சமையல் தராசில் வைத்து எழுதிக்கொள்கிறேன்.
சீரியல் இலக்கத்தைப் படமெடுக்கிறேன்.
பொதி கட்டுவதை வீடியோ எடுக்கிறேன்.
சார்ஜர் வாயின் உள்விளிம்பில்
சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு புள்ளி,
எறும்பின் தலையளவு.
யாருக்கும் சொல்வதில்லை.

போன தீபாவளி விற்பனையில்தான் தொடங்கியது.
நீர்கொழும்பில் ஒருத்தர்
"வேலை செய்யல தங்கச்சி" என்று திருப்பி அனுப்பினார்.
வாரண்டிக்குள்தான். மன்னிப்புக் கேட்டுப்
புதிதொன்று அனுப்பிய பிறகுதான் கழற்றிப் பார்த்தேன்:
என் மூடி, என் ஸ்டிக்கர்,
உள்ளே யாருடையதோ செத்த பாட்டரி,
எடைக்கு மணல்.
தலவாக்கலையில் அந்தக் கிழமை முழுக்க மழை.
என் மேசையில் மட்டும்
ஒரு கரண்டி கடற்கரை.

நாலாயிரத்து எண்ணூறு ரூபாய்.
அம்மாவின் கணக்கில் மூன்றரைப் பேர்.

புள்ளி வந்த பிறகு இருவரைப் பிடித்தேன்.
ஒருவர் பேசாமல் ப்ளொக் செய்துவிட்டார்.
மற்றவர் "மாறிப்போச்சு போல" என்றார்.
மாறிப்போய் என்னிடம் வந்து சேர்வது
எப்போதும் பழசுதான்,
அது என்ன ராசியோ.

நேற்று வெலிமடையிலிருந்து றிஸ்மியாவின் பெட்டி.
தராசு இருநூற்றுப் பதினாறு என்றது.
டோர்ச் அடித்தேன். புள்ளி இல்லை.
"நான் அனுப்பினது இது இல்ல.
ஆதாரம் இருக்கு."
நீல டிக் விழுந்தது.
ஒரு மணி நேரம் கழித்துப் பதில்:
"மகன்ட கிளாசுக்கு வாங்கினது.
வேறொண்டும் எனக்குத் தெரியா."

ஆதாரத்தைத் தேடி வீடியோவை ஓட்டினேன்.
என் கைகள். குமிழ்த்தாள். டேப் கிழிகிற சத்தம்.
பின்னாலிருந்து அம்மா:
"போத்தல் காஞ்சு கெடக்கே, புதுசு வாங்கலியா?"
என் குரல்: "நாளைக்கு."
புள்ளி இல்லாமலே பெட்டி மூடிக்கொள்கிறது.

சீரியல் இலக்கத்தை அப்போதுதான் ஒப்பிட்டேன்.
பதினான்கு எழுத்தும் சரி.

கொழுந்து நிறுக்கிற இடத்தில்
ஈரத்துக்கு இரண்டு, சாக்குக்கு ஒன்று என்று
முகம் பார்க்காமல் கிலோ கழிக்கிறவரை
ராத்திரிச் சோற்றோடு அம்மா வைவாள்.
நானும் சேர்ந்து வைவேன்.
நேற்று
ரசத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காலையில் டவுனுக்கு இறங்கினேன்.
கடையில் பச்சை நிறம்தான் இருந்தது.
வட்ஸ்அப்பில் மூன்று தரம் எழுதி அழித்தது
கொப்பித் தாளில் நாலு வரியில் முடிந்தது.
கூரியர் காசு என் கையிலிருந்து.

தாளை மடித்து உள்ளே வைத்து நிறுத்தேன்.
இருநூற்றுப் பத்தொன்பது.
எழுதிக்கொண்டேன்.
புள்ளியும் வைத்தேன்.