ஏழாம் வில்லை

ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும்
பூசாத மாதிரியும் இருக்கணும் என்பார்களே,
அது வெள்ளீயம், பாத்திரத்துக்கு.
என் வம்பு காரீயத்தோடு.
அது இல்லாமலே
அது இருப்பதுபோல் வேலை செய்ய வேண்டுமாம்.
மூன்றாம் முறை திரும்பிவந்த கட்டுரையின் ஓரத்தில்
முகம் தெரியாத ஒருவர்
ஏறக்குறைய இதைத்தான் எழுதியிருக்கிறார்.

கிருஷ்ணகிரியில் ஜூன்.
மாங்கூழ் ஆலைகளின் புளித்த இனிப்பு
தராசுவரை வருகிறது.
பொட்டாசியம் கார்பனேட்டுக்கு இந்தக் காற்று ஆகாது,
மூடியைத் திறந்தால் போதும், குடிக்கத் தொடங்கிவிடும்.
இரவெல்லாம் உலர்த்தி, கண்ணாடிக் கூண்டில் ஆறவிட்டு,
ஏறிக்கொண்டே போகும் எண்ணை
மூச்சைப் பிடித்துக்கொண்டு குறிக்கிறேன்.
நையோபியம் மட்டும்
தன் விலை தெரிந்ததுபோல் அசையாமல் கிடக்கும்.

எத்தனாலில் இருபத்து நாலு மணி நேரம்
சிர்கோனியா உருண்டைகள் உருண்டன.
"என்னம்மா, இட்லிக்கா?" என்று
சுவருக்கு அப்பாலிருந்து நாகோஜி ராவ்.

பன்னிரண்டு வில்லைகள் அழுத்தினேன்,
காய்ச்சல் மாத்திரை அளவில்.
சூட்டில் சோடியம் ஓடிப்போகும்,
அதனால் அவற்றை அவற்றின் சொந்தப் பொடிக்குள்ளேயே
புதைத்து மூடினேன்.
ஆயிரத்து நூற்றிப் பத்து டிகிரி.
கொஞ்சம் கூடினால் விளிம்பு உருகிக் கிண்ணத்தோடு ஒட்டும்,
கொஞ்சம் குறைந்தால் உள்ளே புழை.
இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் விடுதிக்கு மட்டும்தான்.
வெப்பமின் கம்பியை மல்டிமீட்டரில் மாட்டி
இறங்கும் சூட்டை மில்லிவோல்ட்டாக
செல்பேசி வெளிச்சத்தில் படித்தேன்.
பதினோரு நிமிடம்.

ஏழு விரிந்துபோயின.
மிச்சம் ஐந்துக்கு வெள்ளி பூசினேன்.
மின்கோட்ட எண் நானூற்றுச் சொச்சம்,
இழப்பு, புள்ளி பூஜ்யம் மூன்று.
சூடேற்ற ஏற்ற
இருநூறில் ஒரு சிறு மேடு,
நானூற்றுப் பதினெட்டில் செங்குத்து மலை.
அந்த உச்சியைத் தாண்டினால்
பழக்கிய திசையெல்லாம் மறந்துவிடும்.
அதனால் மலையேற ஆறாவதை அனுப்பிவிட்டு
ஏழாவதை வைத்துக்கொண்டேன்.
சிலிக்கோன் எண்ணெயில், மூவாயிரம் வோல்ட்டில்
மற்ற மூன்றும் ஒவ்வொன்றாய்
நீலமாகச் சொடுக்கிச் செத்தன.
ஏழு அரைமணி நேரம் தாங்கியது.

அக்கா வீட்டுக்காரர் திம்மராயன்
ஓசூர்ப் பக்கம் பழைய பேட்டரி உருக்கும் கொட்டகையில்
ஒன்பது வருஷம் இருந்தவர்.
ரத்தத்தில் ஈயம் நாற்பத்தொன்று.
அந்தச் சீட்டு என் வரைபடங்களின் கோப்பிலேயே இருக்கிறது,
வேறு கோப்பு வாங்கவில்லை.
"ஈயமில்லாம செய்யறியே, அது எப்ப ஓடும்?"
"ஓடாது மாமா. சும்மா அதிரும்."
சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டே
"என் கை மாதிரி" என்றார்.
நான் சிரித்திருக்கக் கூடாது.

நேற்றிரவு ஏழாவதை அலைகாட்டியில் மாட்டியிருந்தேன்.
தட்டவில்லை, தொடவில்லை.
திரையில் ஒரு துள்ளல்.
இரைச்சல்தான் என்று கம்பியை மாற்றினேன்,
புவியிணைப்பைத் திருகினேன்.
மறுபடி துள்ளல்.
பிறகுதான் காதில் விழுந்தது:
வாசலுக்கு வெளியே பர்கூர் சாலையில்
கருங்கல் ஏற்றிய லாரி
வேகத்தடையில் ஏறி இறங்குகிறது.
முன் சக்கரம்.
பின் சக்கரம், அதற்கும் பின் சக்கரம்.
சாலை, சுவர், தரை, மேசைக்கால் எல்லாம் கடந்து
ஒரு மாத்திரைக்குள்.

விடியும்வரை எண்ணினேன்.
எனக்கு நாற்பத்தொன்று, திரைக்கு நாற்பத்து மூன்று.
தூங்கிப்போன அந்த இரண்டையும்
ஏழு விடவில்லை.

அளவி சொல்வது தொண்ணூற்று நாலு.
ஓரத்தில் எழுதியவர் கேட்பது முந்நூறு.
நாலாம் முறை அனுப்பும்போதும் தொண்ணூற்று நாலுதான்,
லாரிகளுக்கு அந்த அட்டவணையில் கட்டம் இல்லை.
நன்றியுரையில் மட்டும்
வேகத்தடை போட்டவருக்கு ஒரு வரி வைக்கலாமா என்று
யோசித்துக்கொண்டிருக்கிறேன்.