பத்தொன்பது துணிகள்

ஒன்பது செப்டம்பர்கள்
பதினான்காவது வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன்.
பக்கத்தில் ஃபிளாஸ்க், கழுத்தில் தொலைநோக்கி,
வெயிலில் உரிந்த மூக்கு.
ரீனோவுக்கு வடக்கே, புதர்வெளிக்கு மேலே,
கம்பத்தைச் சுற்றித் திரும்பும்போது
இறக்கை செங்குத்தாய் நிற்கும்;
எண்ணெய் வழிந்த அடிவயிறு தெரியும்.
சத்தம் கடன்காரனைப் போலக்
கொஞ்சம் பிந்தி வரும்,
ஆனால் வந்தே தீரும்.

மற்ற நாளெல்லாம்
சூதாட்ட விடுதியின் அடித்தளத்தில்
துவாலை எண்ணுகிறவள் நான்.
லோர்னா எச்செவெரி, இரவு ஷிஃப்ட்.
இருபது இருபதாய் அடுக்கு, கட்டு, தள்ளு.

பத்தாவது வருஷம் காற்று அடித்தது.
விமானங்கள் நிற்குமிடத்தில் ஒரு ஆரஞ்சுக் கயிறு:
அந்தப் பக்கம் அவர்கள்,
இந்தப் பக்கம் ஐஸ்கிரீம் நக்கும் நாங்கள்.
எஞ்சினை மூடும் தகடு ஒன்று,
கதவளவு அலுமினியம்,
ஸ்டாண்டிலிருந்து எழும்பி என்னை நோக்கி வந்தது.
யோசிக்கவில்லை. பிடித்தேன்.
கயிற்றை எப்போது தாண்டினேன் என்று
இன்றுவரை தெரியாது.

"விடாதீங்க, அப்படியே பிடிங்க" என்றாள்
எஞ்சினுக்குள் தோள்வரை போயிருந்த ஒருத்தி.
பூட்ஸ் மட்டும்தான் தெரிந்தது.
நாற்பது நிமிஷம் பிடித்தேன்.
வெளியே வந்தால், என் மகளைவிடச் சின்னவள்.
குழுத் தலைவி. ட்ரெஸா விங்கேட்.
வருவீர்களா என்றெல்லாம் கேட்கவில்லை.
"நாளைக்கு ஆறு மணி" என்றாள்.

தந்த வேலை: துணி.
சிவப்புத் துடைப்புத் துணி, இருபது.
பெட்டியைத் திறந்ததும் எண்ணு,
தகட்டை மூடுமுன் எண்ணு.
எனக்கா சொல்லித்தரணும்?

சனிக்கிழமை. ஓட்டத்துக்குப் பதினோரு நிமிஷம்.
விமானி ஹார்லன் க்விஸ்ட்
வார்ப்பட்டையை மாட்டியாயிற்று.
எண்ணினேன்: பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன்.
உதறினேன், விரித்தேன்,
பெயர் வைத்துக் கூப்பிடாத குறை.
பத்தொன்பது.

விடுதியில் ஒரு துவாலை குறைந்தால்
யாரோ பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார் என்று
எழுதிவைத்துவிட்டுத் தூங்கலாம்.
இங்கே குறைகிற துணி
எஞ்சின் காற்று இழுக்கும் வாயில் கிடக்கலாம்.
நூறடி உயரத்தில்
ஹார்லனுக்கு அது தெரியவரும்.

வாய் உலர்ந்தது.
இருபது என்பது எவ்வளவு சின்னச் சொல்,
எவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"ஒண்ணு குறையுது" என்றேன்.

ட்ரெஸா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.
கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்தாள்.
ஹார்லன் சுவிட்சை அணைத்தான்.
ஆறு பேரும் தகடுகளைக் கழற்றினோம்,
டார்ச்சும் கண்ணாடியுமாய்
ஒவ்வொரு சந்தாய்த் தேடினோம்.
தலைக்கு மேலே மற்றவர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.
சீட்டு வாங்கிப் பார்த்த அதே ஓட்டம்.
நான் நிமிரவே இல்லை.

துணி கிடைத்தது.
இழுவை வண்டியின் முன்பலகையில்,
ட்ரெஸாவின் காபிக் கோப்பையைச் சுற்றி.
கை சுடாமலிருக்க அவளே சுற்றியது.

யாரும் சிரிக்கவில்லை.
ஹார்லன் கையுறையைக் கழற்றி
மறுபடி மாட்டிக் கழற்றினான்.
அவள் துணியைப் பிரித்து, நீவி,
நாலாய் மடித்து என்னிடம் தந்தாள்.
"இருபது" என்றாள்.
ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்தாள்.

ஞாயிறு பறந்தோம்.
தரையில் நின்றவள்தான்,
ஆனாலும் வாயில் அப்படித்தான் வருகிறது.
எரிபொருள் வண்டிக்குப் பின்னால் என் இடம்;
அங்கிருந்து ஒரு கம்பமும் தெரியாது.
ஏழு எஞ்சின்களின் இரைச்சலிலிருந்து
எங்களுடையதைக் காது தனியே உருவி எடுத்தது,
ஈரத் துணிக்குவியலிலிருந்து
ஒரு தலையணை உறையை உருவுவதுபோல.
அது மங்கினால் மூச்சை நிறுத்தினேன்.
திரும்பி வந்தால் விட்டேன்.
எட்டுச் சுற்று.

சாயங்காலம் கயிற்றுக்கு அப்பாலிருந்து
மூக்குத் தோல் உரிந்த ஒருவர் கேட்டார்:
"யார் ஜெயிச்சது?"

"தெரியலை" என்றேன்.
நிஜமாகவே தெரியாது.
அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.
பின்னால் சூடு இறங்கும் உலோகம்
டிக், டிக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது.
பதினாறு, பதினேழு.
கொஞ்சம் இருங்கள், எண்ணிக்கொண்டிருக்கிறேன்.